சகாயராணியின் வெந்நீர்

திருச்சி பாலக்கரைக்குப் பக்கத்தில், வாசல் ஒன்றாகவும் குடித்தனங்கள் பலவாகவும் இருந்த ஒரு காம்பவுண்டில், பகலெல்லாம் நின்று சாயங்காலம் மட்டும் உட்காருகிற ஒரு பெண் இருந்தாள். சகாயராணி என்று பெயர், கூப்பிடுவது சகாயம். கடைவீதியில் நாலு மாடி ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் அவளுக்கு வேலை. சேலையை எடுப்பது, விரிப்பது, முந்தியைக் காட்டுவது, பிடிக்கவில்லை என்றால் மடிப்பது, மடித்ததை மறுபடி விரிப்பது, இதையெல்லாம் நின்றபடியே செய்வது. பொழுது இறங்கி வீட்டுக்கு வந்ததும் கைப்பையை ஆணியில் மாட்டி, குழாயடியில் அலுமினிய பேசினை நிரப்பி, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கால்களையும் பச்சைத் தண்ணீரில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நேரத்தில் அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. லாரி ஓட்டப் போன கணவன் ஊரில் இருக்கிற நாட்களில்கூட, அவள் கண் திறக்கும்வரை சாப்பாடு கேட்க மாட்டான்.

அவள் கால்களில் நரம்புகள் நீலமாக முடிச்சுப் போட்டிருந்தன. அடிக்கடி உட்காரச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். கடையில் உட்கார இடம் இல்லாமலும் இல்லை. வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்ததும், ஆய்வுக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காக மேஜைக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருந்தார்கள். அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. ஒருநாள் சகாயம் மேற்பார்வையாளர் தண்டபாணியிடம் போய், "சார், கஸ்டமர் இல்லாத நேரம் கொஞ்சம் உட்கார்ந்துக்கட்டா?" என்று கேட்டாள்.

தண்டபாணி சிரித்தார். "நீ உட்கார்ந்திருந்தா கடையில வியாபாரம் இல்லைன்னுல்ல நினைப்பாங்க? நீயே சொல்லு."

மறுநாள் காலையில் அவள் மேலே வந்தபோது, எல்லா ஸ்டூலிலும் பொம்மைகள் உட்கார்ந்திருந்தன. உட்கார்ந்த வாக்கிலேயே செய்த பொம்மைகள், அதற்கென்றே ராத்திரியோடு ராத்திரியாக வெளியூரிலிருந்து தருவித்தவை. கல்யாணப் பட்டு கட்டி, மடியில் கைவைத்து, ஒரு காலை இன்னொரு கால்மேல் சற்றே சாய்த்து, ஒரு வேலையும் இல்லாத வீட்டு மருமகள்கள் மாதிரி சாவகாசமாக உட்கார்ந்திருந்தன.

"ஸ்டூல் காலியா இருக்கிறதாலதானே உட்காரத் தோணுது," என்றார் தண்டபாணி. "இனிமே தோணாது. காலையில வந்ததும் அவங்கவங்க பொம்மைக்கு மடிப்பு சரி பண்ணி, பாதத்தைத் தொடைச்சு விட்டுருங்க. தூசி தெரியக் கூடாது."

சகாயம் குனிந்து பொம்மைக்கு மடிப்பு எடுத்துவிட்டாள். அதன் பாதத்தைத் துடைத்தாள். வழவழவென்று, ஒரு நரம்பு இல்லாத பாதம். பிறகு நிமிர்ந்து, அது உட்கார, அவள் பொழுது போகும்வரை நின்றாள்.

அன்று சாயங்காலம் அவள் பேசினில் கால் வைத்ததும் தண்ணீர் கொதித்தது.

முதலில் ஓரத்தில் சிறு குமிழிகள் வந்தன, பிறகு அடியிலிருந்து பெரிய குமிழிகள் வந்தன, ஆவி அவள் முழங்கால்வரை எழுந்தது. காலை ஒன்றும் சுடவில்லை. சகாயம் கண்ணைத் திறந்து பார்த்து, கொதிக்கிறது என்று நினைத்துவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பௌசியா, ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"சகாயக்கா, கேஸ் தீர்ந்துருச்சு. இதை அதுல கொஞ்ச நேரம் வெச்சுக்கட்டா?"

"வெச்சுக்கோ."

அப்படித்தான் ஆரம்பித்தது.

மறுநாள் பௌசியா முட்டையும் கொண்டுவந்தாள். அதற்கடுத்த நாள் எதிர்வீட்டு குஞ்சிதபாதம், பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முட்டிவலிக்கு ஒற்றடம் கொடுக்கத் துண்டோடு வந்து, கால் வைத்த தண்ணீர் ஆயிற்றே என்று ஒரு நிமிடம் தயங்கி, தனக்கும் காலில்தானே வலி என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு துண்டை நனைத்தார். வீட்டுக்காரம்மா ராஜாமணி மட்டும் முதல் வாரம் முழுக்கச் சந்தேகத்தோடு பேசினைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தன் மீட்டரிலிருந்து திருட்டுத்தனமாக ஏதாவது ஒயர் வருகிறதா என்று நாற்காலிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். "கரண்ட் இல்லைன்னா சரி," என்று சொல்லிவிட்டு அன்றைக்கே பரணிலிருந்து கல்யாண அண்டாவை இறக்கச் சொன்னாள். மாதா கோவிலிலிருந்து உபதேசியார் ஒருவரும் வந்தார். எந்தப் புனிதரிடம் வேண்டிக்கொண்டாய் என்று கேட்டார். யாரிடமும் இல்லை, எங்கள் மேற்பார்வையாளர் தண்டபாணிதான் காரணம் என்றாள் சகாயம். அந்தப் பெயரில் புனிதர் யாரும் இல்லாததால், உபதேசியார் அந்த வெந்நீரில் சுட வைத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இப்படியாக அண்டா முற்றத்துக்கு நடுவில் வந்தது. அண்டாவுக்கு எட்டும்படி நாற்காலிக்கு அடியில் செங்கல் வைத்தார்கள். சகாயம் கடையிலிருந்து வந்து பையை மாட்டுவதற்குள் இட்லிக் கொப்பரையும், சோற்றுப் பானையும், துணி வெளுக்கிற வாளியும், குளிக்கிற தவலையும் வரிசையில் நிற்கும். எது முன்னே எது பின்னே என்பதை ராஜாமணி தீர்மானிப்பாள். காம்பவுண்டில் சிலிண்டர்கள் தூசி படிந்து மூலைக்குப் போயின. "பேருக்கேத்த மாதிரி எல்லாருக்கும் சகாயம் பண்றா பாரு," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். முதல் தடவை அவளும் சிரித்தாள்.

எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில நாள் நல்ல மனுஷி யாராவது சேலை எடுக்க வந்து, உனக்கு எந்த ஊரம்மா என்று கேட்டுவிட்டுப் போவாள். அன்றைக்குத் தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். அண்டாவைச் சுற்றி நிற்கிற முகங்களெல்லாம் வாடிப்போகும்.

"என்ன சகாயம், இன்னைக்குக் கடையில ஒண்ணுமே நடக்கலையா?" என்பாள் ராஜாமணி, உடம்பு சரியில்லாதவர்களை விசாரிக்கிற குரலில்.

"இல்லைங்கம்மா."

"யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லலை."

"சரி, அந்தப் பொம்மை சமாச்சாரத்தையாவது ஒரு தடவை சொல்லு. மாவு புளிச்சுக்கிட்டு நிக்குது."

சகாயம் சொல்லுவாள். ஸ்டூல் கேட்டதைச் சொல்லுவாள், அவர் சிரித்ததைச் சொல்லுவாள், மறுநாள் மாடி ஏறி வந்ததைச் சொல்லுவாள். கேட்கிறவர்களுக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது. எதையாவது விட்டுவிட்டால், "பாதத்தைத் தொடைச்சதைச் சொல்லலையே சகாயக்கா," என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். பாதம் துடைத்த இடம் வரும்போது அண்டா தளதளவென்று கொதிக்கும். எல்லாருக்கும் முகம் மலரும். யாரோ இட்லித் தட்டை இறக்குவார்கள். அவள் கதையின் மிச்சத்தை ஆவியிடம் சொல்லி முடிப்பாள்.

வார விடுமுறை நாளில்தான் கஷ்டம். அன்றைக்கு ராஜாமணி பொறுப்பை எடுத்துக்கொள்வாள். குழாயடியில் சகாயத்தின் குடத்தை நகர்த்திவிட்டு, "உன் ஒருத்திக்காகவா குழாய் போட்டிருக்கு?" என்று ஆரம்பித்து, அவள் அம்மா வீடு வரைக்கும் இழுத்துத் திட்டி, தண்ணீர் கொதித்ததும் தோளைத் தட்டி, "தப்பா நினைச்சுக்காத, எல்லாம் இட்லிக்குத்தான்," என்பாள். இட்லி மெத்தென்று வரும். அதில் நாலு இட்லி சகாயத்துக்கும் வரும்.

எல்லாரும் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு போன பிறகு சகாயம் அண்டாவிலிருந்து காலை எடுப்பாள். முன்பெல்லாம் அந்தச் சாயங்காலம் அவளுடையதாக இருந்தது. கண்ணை மூடினால் உள்ளே யாரும் வரமாட்டார்கள். இப்போது அது காம்பவுண்டுக்குப் பொதுவாகிவிட்டது, குழாய் மாதிரி, மொட்டைமாடிக் கொடி மாதிரி. கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல உள்ளே ஒன்றும் இல்லாமல் போய்ப் படுப்பாள். காலையில் லேசாக எழுந்து பஸ் பிடிப்பாள்.

தீபாவளி நெருங்கியது. கடையில் வேலை இரண்டு பங்காயிற்று. காம்பவுண்டு மகிழ்ச்சியோடு காத்திருந்தது. எண்ணெய்க் குளியலுக்கு எல்லாருக்கும் வெந்நீர் என்று முடிவாகி, ராஜாமணியின் தங்கை குடும்பம்கூட அதற்காகவே உறையூரிலிருந்து வருவதாக இருந்தது.

ஒருநாள் காலை, கடை திறக்கும் முன்னால், தண்டபாணி பெண்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்தார். கையில் ஒரு எவர்சில்வர் டிபன் கேரியர் வைத்திருந்தார்.

"சகாயத்தைப் பார்த்துக் கத்துக்கங்க," என்றார். "எதையும் மனசுல வெச்சுக்க மாட்டா. நேத்து எவ்வளவு திட்டினாலும் இன்னைக்குக் காலையில ஒண்ணுமே நடக்காத மாதிரி சிரிச்சுக்கிட்டு வர்றா. இந்த மாதிரி ஆளுங்கதான் நமக்கு வேணும்."

எல்லாரும் கைதட்டினார்கள். சகாயம் கேரியரை வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கோபப்பட வேண்டும் போல இருந்தது. பையில் வீட்டுச் சாவியைத் தேடுகிற மாதிரி உள்ளே கைவிட்டுத் துழாவினாள். நேற்று இருந்தது. நேற்று ஒரு வாடிக்கையாளர் முன்னால் அவர் அவளை மக்கு என்று சொன்னபோது, நாளைக் காலையில் முதல் வேலையாக இதைக் கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்ததுகூட நினைவிருந்தது. அதற்கு முந்தின நாளும் அப்படி முடிவு செய்திருந்தாள். எல்லா நாளும் செய்திருந்தாள். ஆனால் இப்போது, கேட்கிற வேளையில், உள்ளே ஒன்றுமே இல்லை. எங்கே போயிற்று என்று யோசித்தபடி வரிசையிலிருந்து விலகி வந்தாள். தன் மேஜையை அடைவதற்குள் தெரிந்துவிட்டது. அது குஞ்சிதபாதத்தின் முட்டிக்குப் போயிற்று. ராஜாமணியின் இட்லிக்குப் போயிற்று. ஒரு வீட்டுக்குச் சோறாகவும் இன்னொரு வீட்டுக்குக் குளியலாகவும் போய், சாக்கடையில் இறங்கிவிட்டது.

அன்று மத்தியானம் கால் நரம்பு சுண்டி இழுத்தது. விழாமல் இருக்க, பக்கத்திலிருந்த பொம்மையின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, கையை எடு," என்றார் அந்தப் பக்கமாக வந்த தண்டபாணி. "பட்டு அழுக்காயிடும்."

சாயங்காலம் அவள் வந்தபோது அண்டா தளும்ப நிறைந்திருந்தது. எல்லாரும் இருந்தார்கள். அவள் நடந்து வருகிற விதத்தைப் பார்த்தே ராஜாமணி, "இன்னைக்குப் பிரமாதமா இருக்கும் போலிருக்கே," என்று தங்கைக்குச் சொல்லப் போனை எடுத்தாள். சகாயம் அண்டாவைக் கடந்து போனாள். பையை ஆணியில் மாட்டினாள். முற்றத்திலிருந்து தன் நாற்காலியை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் போட்டு உட்கார்ந்தாள்.

"சகாயம், இங்கம்மா, அண்டா இங்க இருக்கு," என்றாள் ராஜாமணி.

"தெரியுதுங்கம்மா."

"எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம்ல?"

"காத்துக்கிட்டு இருங்க."

குஞ்சிதபாதம் துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "அம்மாடி, கோபத்தை வெச்சுக்கிட்டுப் படுக்கக் கூடாது. உடம்புக்கு ஆகாது," என்றார்.

"உங்க முட்டிக்குத்தான் சார் ஆகாது. என் உடம்புக்கு ஒண்ணும் ஆகாது."

"அதில்லம்மா. எப்படியும் ஆறிப்போற சூடுதானே. நாலு பேருக்குப் பயன்பட்டா என்ன தப்பு?"

"அதான் சார் தப்பு. ஆறக் கூடாது அது."

சோறு ஆறும், டீ ஆறும், புண் ஆறும், மனசும் ஆறும். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். அந்தச் சொல்லிலிருந்துதான் ஆறுதலும் வருகிறது. இத்தனை நாளாக ஒவ்வொரு சாயங்காலமும் தன்னைச் சுற்றி நின்று, என்ன நடந்தது சொல்லு, சொல்லு என்று கேட்டவர்கள் எல்லாருமே தன்னை ஆற வைக்கத்தான் நின்றார்கள் என்பதை சகாயம் நினைத்துப் பார்த்தாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அரிசி வேக வேண்டியிருந்தது. அதை நினைக்க நினைக்க அவளுக்கு இன்னும் கோபம் வந்தது.

ராஜாமணி இடுப்பில் கையை வைத்தாள். "ரொம்பப் பேசாத. வீட்டைக் காலி பண்ணுன்னு சொன்னா என்ன செய்வ?"

"கோபம் வரும். அதையும் சேர்த்து வெச்சுக்குவேன்."

பௌசியா குனிந்து சிரிப்பை மறைத்தாள். பிறகு வரிசையிலிருந்து தன் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் வீட்டில் அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொருவராகப் பானையைத் தூக்கினார்கள். முனகிக்கொண்டே போனார்கள். அன்றிரவு சகாயம் படுத்த தரை சுட்டது. ஒட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பௌசியாவின் குழந்தை அந்தச் சூட்டில் போர்வை இல்லாமல் தூங்கியது.

காலையில் அவள் லேசாக எழவில்லை. நேற்றைய கோபம் அப்படியே இருந்தது, அதற்குமேல் ராஜாமணியுடையதும் இருந்தது. பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் ரப்பர் செருப்பு குழைந்துவிட்டது. அங்கே வேலைக்காரர்கள் செருப்பைக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் மேலே போக வேண்டும். படி ஏறினாள். தன் மேஜைக்கு வந்தாள். பொம்மையின் பாதத்தைத் துடைக்கவில்லை. இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து அதைத் தூக்கி, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல மேஜை மேல் கிடத்தினாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாதங்களைத் தரையில் பதித்து வைத்தாள்.

தண்டபாணி வந்தார். "என்ன இது?"

"கால் வலிக்குது சார். உட்கார்ந்திருக்கேன்."

"எழுந்திரு."

"மாட்டேன் சார்."

"நேத்துதானே உனக்கு டிபன் கேரியர் கொடுத்தோம்?"

"அதுவும் ஞாபகம் இருக்கு. முந்தா நாள் மக்குன்னு சொன்னது, பொம்மையைத் தொடாதேன்னு சொன்னது, எல்லாமே ஞாபகம் இருக்கு. இன்னைக்கு ஒண்ணுமே மறக்கலை."

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்போது தரை சுட ஆரம்பித்தது. சகாயத்தின் பாதத்தைச் சுற்றிலும் இருந்த வெள்ளை டைல்ஸில் தொடங்கி, மேஜைக்கு மேஜை நகர்ந்து, சித்திரை மாதத்து மொட்டைமாடி மாதிரி அந்தத் தளம் முழுக்கப் பரவியது. சேலை பார்க்க வந்தவர்கள் காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, சேலை விரித்துக் காட்டுகிற மெத்தை மேடையில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அங்கிருந்தபடியே விலை கேட்டார்கள். தண்டபாணி பூட்ஸ் போட்டிருந்தார். அதன் அடிப்பாகம் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. ஒரு காலைத் தூக்கினார், அதை வைத்துவிட்டு மற்றதைத் தூக்கினார். அந்தத் தளத்தில் எந்த மனிதராலும் நிற்க முடியவில்லை. எதிர் மேஜைப் பெண் தன் பொம்மையைத் தூக்கிக் கிடத்திவிட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்தவள் உட்கார்ந்தாள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பொம்மைகள் படுத்திருக்க, பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"முதலாளிகிட்ட சொல்றேன்," என்றார் தண்டபாணி, ஒற்றைக்காலில்.

"சொல்லுங்க சார். உட்கார்ந்து பேசலாம்னு சொல்லுங்க."

"நாளைக்குக் காலையில அவரே வருவார். அப்ப இதே திமிரு இருக்கான்னு பார்க்கிறேன்."

அவர் படிக்கட்டை நோக்கித் தாவித் தாவிப் போனார். மெத்தையில் இருந்த அம்மாள், "ஏம்மா, அந்தக் கத்தரிப்பூ நிறத்தை எடு," என்றாள். சகாயம் உட்கார்ந்தபடியே கைநீட்டி எடுத்து, மடியில் வைத்து விரித்து, முந்தியைக் காட்டினாள். சேலை நின்று காட்டியபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது.

சாயங்காலம் காம்பவுண்டில் அண்டா மறுபடி நிறைந்திருந்தது. கடைவீதிச் செய்தி அவளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்ததால், இன்றைக்குக் குறைந்தபட்சம் இரண்டு அண்டா தாங்கும் என்று கணக்குப் போட்டு, ராஜாமணி பக்கத்துத் தெருவிலிருந்து இன்னொன்றும் வாங்கி வைத்திருந்தாள். நேற்றைய சண்டை நேற்றோடு போயிற்று என்று நம்புகிறவள் அவள்.

"வா சகாயம், வா. உன் நியாயம் நியாயம்தான். நேத்து நான் பேசினது தப்பு. காலை வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் நிதானமா சொல்லு, கேட்போம்."

சகாயம் பேசினை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ராஜாமணியின் கண் மின்னியது. சகாயம் அதில் தண்ணீர் பிடிக்கவில்லை. தரையில் குப்புறக் கவிழ்த்துப் போட்டாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கவிழ்த்த பேசின்மேல் இரண்டு கால்களையும் தூக்கி வைத்துக்கொண்டாள். அலுமினியம் மெல்லச் சிவந்தது.

"நாளைக்கு முதலாளி வர்றாரும்மா," என்றாள். "இந்தச் சூடு எனக்கு வேணும்."

கண்ணை மூடிக்கொண்டாள். குஞ்சிதபாதம் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அடுப்பு பற்ற வைக்கப் போனார். முற்றத்தில் இரண்டு அண்டாத் தண்ணீரும் அசையாமல், வானத்து வெளிச்சம் போவதைக் காட்டிக்கொண்டு நின்றது. யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. வெகு நாளைக்குப் பிறகு அந்தச் சாயங்காலம் அவளிடம் திரும்பி வந்து, பூனை மாதிரி நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டது.

பௌசியா தன் அடுப்பில் போட்ட டீயைக் கொண்டுவந்து நாற்காலிக் கைமேல் வைத்தாள்.

"குடிங்கக்கா, ஆறிடும்."

"ஆறட்டும்," என்றாள் சகாயம், கண்ணைத் திறக்காமல். "டீ மட்டும் ஆறட்டும்."